பிப்ரவரி மூன்றாம் தேதி

"கம்ப்யூட்டர்ல தேதி, நேரம் எல்லாம் சரியாத்தானே இருக்கு, அண்ணி?"

கொழுந்தன் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அவள் திரையின் வலது மூலையைப் பார்த்தாள். பிப்ரவரி மூன்று என்று இருந்தது. பட்டறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஆகஸ்ட் பாதி தாண்டியிருந்தது.

"சரியாத்தான் இருக்கு, தம்பி," என்றாள்.

சொல்லி முடித்த பிறகு காது சூடாவதை உணர்ந்தாள். தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

கடையில் விற்கும் எதுவும் பொருந்தாத கால்களுக்குக் காலணி செய்யும் பட்டறை அது. விரல் இழந்தவர்கள், பாதம் உள்ளே திரும்பியவர்கள், சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்கள் வருவார்கள். முதலாளி அளவெடுப்பார். தையல்காரர் தோலை வெட்டித் தைப்பார். இடையில் அவள் வேலை. காலை ஒரு கருவியில் வைத்துப் படம் பிடித்து, கணினியில் அந்தப் படத்துக்கு ஏற்ற உள்மெத்தையை வரைவாள். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே ஒரு மயிரிழைகூட உரசக் கூடாது என்று தீர்மானித்து வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புவாள். பதினாறு வருடப் பழக்கத்தில் ஒரு பாதத்தைப் பார்த்தால் அந்த ஆள் எப்படி நடப்பார் என்று அவளால் சொல்ல முடியும்.

வரைகிற மென்பொருளை முப்பது நாள் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுத்திருந்தார்கள். முப்பத்தோராம் நாள் அது வாயை மூடிக்கொண்டது. விலையைக் கேட்ட முதலாளியும் வாயை மூடிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "தேதியைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் பாரும்மா" என்றார். தள்ளினாள். திறந்துகொண்டது. அதிலிருந்து தினமும் காலையில் கணினியைப் போட்டதும் முதல் வேலை, தேதியை பிப்ரவரி மூன்றுக்கு மாற்றுவது. இணையத்தில் இணைந்தால் தேதி தானாகச் சரியாகிவிடும் என்பதால் இணையக் கம்பியையும் பிடுங்கிப் போட்டாயிற்று. தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் உறுத்தியது. பிறகு கை கழுவுவதுபோல ஆகிவிட்டது. இரண்டரை வருடம்.

"நம்ம பட்டறையில யாருக்கும் வயசாகாது," என்பார் தையல்காரர். "தினம் பிப்ரவரி மூணு. வீட்டுக்குப் போனாத்தான் முடி நரைக்குது."

கொழுந்தனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அவனிடம் முடியாது. கடைகளுக்கு மென்பொருள் எழுதி விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவனுக்கு வேலை. போன வருடம் ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "ஒருத்தன் வாங்குறான் அண்ணி, ஒன்பது பேர் திருடுறாங்க. இந்த மாசம் எங்க ஆபீஸ்ல மூணு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுல ஒருத்தனுக்குக் கைக்குழந்தை." அவள் அவன் தட்டில் பரிமாறிக்கொண்டே, "எப்படித்தான் மனசு வருதோ" என்றாள். அந்தக் குரல் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உண்மையாகவே வருத்தப்படுகிற ஒருத்தியின் குரல்.

கொழுந்தனை அழைக்க வைத்த ஸ்கிரிப்ட், கணினிக்கு இடும் கட்டளைகளின் பட்டியல், அவள் ஆசைப்பட்டு எழுதியது. வசந்த காலத்தில் ஒரு முறை பட்டறைக் கணினி இரண்டு நாள் உயிரில்லாமல் கிடந்தது. பிழைத்து வந்ததும், இனி எல்லாக் கோப்புகளுக்கும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் வேண்டும் என்று முதலாளி சொன்னார். கையால் நகலெடுத்தால் மறந்துவிடும். காணொளிகளைப் பார்த்து, நிறுத்தி, நோட்டில் எழுதி, மூன்று வாரத்தில் பதினொரு வரி எழுதினாள். மத்தியானம் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஓட்டினால் போதும். புதிதாக மாறியவற்றை மட்டும் அதுவே பார்த்து எடுத்து வைக்கும். நாற்பத்தைந்து வயதில் ஒரு இயந்திரம் அவள் எழுதிய வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தது. குடும்பக் குழுவில் கணவர் அதைப் போட்டுவிட்டார். "அண்ணி புரோகிராமர் ஆயிட்டாங்க, எனக்கு வேலை போச்சு" என்று கொழுந்தன் பதில் எழுதினான். அதை அவள் நான்கைந்து முறை எடுத்துப் படித்தாள்.

இப்போது அந்தப் பதினொரு வரியில் ஏதோ கோளாறு. வெளி டிஸ்க்கில் சில பாதங்களின் கோப்புகள் புதிதாக இருந்தன, சில பழையதாகவே கிடந்தன. இதில் ஒரு வரிசையும் இல்லை. திங்கள்கிழமை திருத்தியது போயிருக்கும், செவ்வாய்க்கிழமை திருத்தியது போயிருக்காது.

"நான் நெட் வழியா உள்ள வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டான்.

"நெட் இல்லப்பா. முதலாளிக்கு வைரஸ் பயம்."

"சரியான ஆளு! அப்ப திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. ஃபைல் பேரு, பக்கத்துல தேதி, ரெண்டும் தெரியணும்."

அவள் போட்டோ எடுத்தாள். எடுத்துவிட்டு, தேதி இருந்த பாதியை விரலால் வெட்டினாள். பெயர்கள் மட்டும் மிஞ்சின. அதை அனுப்பினாள்.

அவன் சிரித்தான். "என் கல்யாணத்துல எடுத்த போட்டோ மாதிரியே இருக்கு அண்ணி. அதுலயும் பாதிப் பேருக்குத் தலை இல்ல. உங்க கையில ஃபோனைக் குடுத்தது அண்ணனோட தப்பு."

அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வது. தேதிக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தம் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருக்குமோ என்று மனதின் ஓர் ஓரத்தில் தோன்றத்தான் செய்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவன் தன் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் இதற்குக் கொடுத்தான். டிஸ்க்கின் கம்பியை மாற்றச் சொன்னான், மாற்றினாள். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் தகராறு செய்யும் என்றான். நாற்பது பெயர்களையும் திருத்தினாள். வேறு டிஸ்க் கொண்டுவரச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் பிறகு சில கோப்புகள் போயின, சில போகவில்லை. செவ்வாய்க்கிழமை, எதையோ மென்றுகொண்டே, அவன் மறுபடி கேட்டான்.

"கோவிச்சுக்காதீங்க. தேதி மாறி இருந்தாத்தான் இப்படிக் கண்ணாமூச்சி ஆடும். இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன்னு சொன்னேனே தம்பி."

அவன் மெல்லும் சத்தம் நின்றது.

"சரி, நீங்க சொன்னா சரி," என்றான்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு புது வரி எழுதி அனுப்பினான். கணினி, வெளி டிஸ்க் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும், எது புதியதோ அதை இரண்டு பக்கமும் வைத்துவிடும், பழையது எங்கேயும் மிஞ்சாது என்றான். அவள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஓட்டினாள். "14 கோப்புகள் சரிசெய்யப்பட்டன" என்று வந்தது. கீழே பதினான்கு பெயர்கள். இரண்டு பக்கமும் இப்போது ஒன்றுபோல இருந்தன. சந்தோஷத்தில் அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். அன்று மாலை வெட்ட வேண்டியவற்றை வரிசையாக இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் வந்தார்கள். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். சர்க்கரையில் இரண்டு பாதமும் மரத்துவிட்டது. வலது பெருவிரலுக்குக் கீழே எட்டு மாதம் ஆறாமல் கிடந்த புண், இப்போதுதான் மூடியிருந்தது. அந்த இடம் எதன் மேலும் படக் கூடாது. அதற்காக உள்மெத்தையில் நான்கு மில்லிமீட்டர் பள்ளம் வைத்திருந்தாள். புதன்கிழமை காலை முக்கால் மணி நேரம் அதற்கே செலவழித்தாள். வெள்ளிக்கிழமை புது ஜோடியைப் போட்டுக்கொண்டு போனார்.

மனைவி ஒரு காகிதப் பையிலிருந்து காலுறையை எடுத்து மேசையில் வைத்தார். பெருவிரல் பக்கம் வட்டமாக ஒரு கறை.

"இவருக்கு ஒண்ணும் தெரியல. சாயந்திரம் பூரா இதைப் போட்டுக்கிட்டுத் தெருவைச் சுத்திட்டு வந்து, அருமையா இருக்குன்னாரு. நான் துவைக்க எடுத்தப்பத்தான் பாத்தேன்."

"ஆஸ்பத்திரியில காட்டிட்டோம்," என்றார் ஓட்டுநர். "மேல்தோல்தானாம். ஆறிடுமாம். புதுச் செருப்புன்னா ஒருநாள் ரெண்டுநாள் கடிக்கும், இவ ஊரையே கூட்டுறா."

"உங்களுக்குக் கடிச்சா தெரியுமா? பேசாம இருங்க."

முதலாளி காலணிக்குள் கையை விட்டுத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தார். "பள்ளம் எங்கம்மா?"

அவள் கோப்பைத் திறந்தாள். உள்மெத்தை தட்டையாக இருந்தது. பள்ளம் வைப்பதற்கு முன், செவ்வாய்க்கிழமை மாலை அவள் விட்டுவிட்டுப் போன வடிவம். ஒரு விநாடிகூட ஆகவில்லை, எல்லாம் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி என்பதும் பிப்ரவரி மூன்று. புதன்கிழமை காலை பத்து மணி என்பதும் பிப்ரவரி மூன்று. கணினியைக் கேட்டால் காலை பத்துக்குப் பிறகுதான் மாலை ஐந்து வரும். ஆகவே நேற்று மாலை செய்ததுதான் புதியது, இன்று காலை செய்தது பழையது. முந்தின நாள் மாலை தொட்ட கோப்பை மறுநாள் காலையில் திருத்தினால் அது நகலாகாது. அதுவரை நகல்தான் தவறாகிக்கொண்டிருந்தது. புதன்கிழமை ஓட்டிய வரி, எது புதியது என்று கணினியையே கேட்டு, அந்தப் பழசைக் கொண்டுவந்து அவள் வேலையின் மேலேயே போட்டுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் முதலாளி.

"பேக்கப்... அதுல ஏதோ தப்பு," என்றாள். அது பொய்யில்லை. பொய்யில்லாததைத் தேடி எடுத்துச் சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

ஓட்டுநர் காலில் புண், பேக்கப்பில் தப்பு, வீட்டில் கணவரிடமும் அவ்வளவுதான் சொன்னாள். அவர் தம்பியிடம் சொல்லிவிட்டார். மாலையே அவன் அழைத்தான்.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க, என் வரியாலதான். ரெண்டு பக்கமும் எழுதற மாதிரி ஒரு வரி குடுக்கும்போது, முதல்ல ஒரு காப்பி தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தப் பெரியவருக்கு எப்படி இருக்கு?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். "ஆறிடும்னு சொல்லியிருக்காங்க" என்று மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மடிக்கணினியோடு வந்தான். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. சாப்பாட்டு மேசையில் எதையும் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பெரிய எஞ்சினியரே," என்றார் கணவர். "ஒரு செருப்பைக்கூட ஒழுங்காப் பாத்துக்க முடியல. உன்னை நம்பித்தான் ஊரெல்லாம் கடை நடத்துது."

"விடுண்ணே."

"இல்ல, கேக்கறேன். என் பொண்டாட்டி தனியா எழுதினப்ப யாருக்கும் கால்ல ரத்தம் வரல. நீ கை வச்ச, வந்துச்சு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. அவள் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தாள். கொஞ்சம் தண்ணீர் சிந்தியது.

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன் அண்ணி," என்றான் அவன். "உங்க முதலாளிகிட்ட நானே வந்து சொல்லிடறேன், தப்பு என்னோடதுன்னு. உங்க பேரு கெடக் கூடாது. அந்தப் பெரியவர் வீட்டுக்கும் போய் ஒரு வார்த்தை சொல்லணும்."

கணவர் கை கழுவ எழுந்து போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர்ச் சத்தம் நின்று, கணவர் உள்ளறைக்குப் போய்ப் படுக்கும் சத்தமும் கேட்டு அடங்கிவிட்டது.

"நீ வர வேண்டாம்," என்றாள். "தேதி சரியா இல்ல."

"எந்தத் தேதி?"

"பட்டறைக் கம்ப்யூட்டர்ல. தினமும் காலையில நான்தான் மாத்தி வைப்பேன். பிப்ரவரி மூணுன்னு."

"எதுக்கு?"

"அந்த புரோகிராம் நாங்க வாங்கினதில்ல. முப்பது நாள் ஓசியில குடுத்தது. தேதியை மாத்தினாத்தான் திறக்கும்."

அவன் மடிக்கணினியை மூடினான். மெதுவாகத்தான் மூடினான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டரை வருஷமா."

"நான் கேட்டேன்ல. ரெண்டு தடவை கேட்டேன்."

"கேட்ட."

"அந்த போட்டோ?"

"நான்தான் வெட்டினேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு இருந்தது. கத்தினால், கதவை அறைந்து போனால், அவள் தாங்கிக்கொள்ள ஏதாவது கிடைக்கும். அவன் வெகுநேரம் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்துலேர்ந்து அந்த வரியை நூறு தடவை பாத்தேன் அண்ணி," என்றான் கடைசியில். "தப்பே தெரியல. தப்பு தெரியலைன்னா எனக்கு இந்த வேலையே தெரியலைன்னு அர்த்தம். அப்படித்தான் நெனைச்சிட்டு இருந்தேன். நேத்து சாயந்திரம் ஃபோன்ல மன்னிப்புக் கேட்டேன். அப்பவும் நீங்க..."

முடிக்கவில்லை. மன்னித்துவிடு என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அவன் அதைத் தன்னிடம் சொன்னபோது பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டவள், இப்போது அதைத் திருப்பிக் கேட்பது எப்படி?

"அழிஞ்சது திரும்பாது," என்றான். வேலைக்காரனின் குரலுக்கு வந்திருந்தான். "எல்லாத்துலயும் ஒரே தேதி இருந்தா எது எப்பன்னு எந்தப் புரோகிராமாலயும் சொல்ல முடியாது. அந்தப் பதினாலு பேரு லிஸ்ட் என் ஃபோன்ல இருக்கு. அதை மட்டும் நீங்க ஒழுங்கா எடுத்திருக்கீங்க. அந்தப் பதினாலையும் ஆளைக் கூப்பிட்டு மறுபடி அளக்கணும். வேற வழியில்ல."

எழுந்து, மடிக்கணினியைப் பையில் வைத்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னான்: "லிஸ்ட்டை அனுப்பறேன்." போய்விட்டான். பத்து நிமிடத்தில் பட்டியல் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை.

திங்கள்கிழமை முதலாளியிடம் சொன்னாள். அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். "தேதி விஷயத்தை ஏன்மா வெளியில சொல்லணும்? கம்ப்யூட்டர் பழுதுன்னு சொன்னா போதுமே. நாளைக்கும் வேலை நடக்கணுமில்ல?"

"நாளைக்கு நான் மாத்தி வைக்க மாட்டேங்க. வாங்கற வரைக்கும் காகிதத்துல வரையறேன். முன்னால அப்படித்தானே வரைஞ்சேன்."

"நான் சொல்லித்தானே நீ செஞ்ச?"

"மாத்தச் சொன்னது நீங்க. என் கொழுந்தன் கேட்டப்ப தேதி சரியா இருக்குன்னு சொன்னது நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு வெளியே போனார். சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை.

அன்றும் மறுநாளும் பதின்மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொன்னாள். எட்டுப் பேருடையது இன்னும் வெட்டியே இருக்கவில்லை. மூன்று பேருடையது தைத்து அலமாரியில் இருந்தது. இரண்டு பேர் போட்டுக்கொண்டிருந்தார்கள்; உடனே கழற்றச் சொன்னாள். எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னாள். பாதிப் பேருக்கு அது புரியவில்லை. ஒருவர் மட்டும், "திருட்டு சாமான்லயா எங்க காலை அளந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

பதினான்காவது பெயருக்குத் தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. புதன்கிழமை மாலை அளவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. படியேறும்போது முட்டி வலித்தது. கதவைத் திறந்த மனைவி வழிவிடாமல் நின்றார். நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தேதி, பொய், பேக்கப், பள்ளம். உள்ளே நாற்காலியில் ஓட்டுநர் காலை ஒரு முக்காலியின் மேல் நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெள்ளைக் கட்டு.

"யாரது?" என்றார் அவர்.

"செருப்புப் பட்டறைக்காரங்க," என்றார் மனைவி. கொஞ்சம் விலகினார்.

அவள் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். கட்டு இல்லாத இடங்களில் விரலால் அழுத்தினாள்.

"இங்க தெரியுதுங்களா?"

"இல்லம்மா."

"இங்க?"

"இல்ல."

"இந்தக் குதிகால்ல?"

"நீ தொட்டுக்கிட்டா இருக்க?" என்றார் ஓட்டுநர். கேலி செய்யவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

அவள் அட்டையில் எழுதிக்கொண்டாள். எழுத்து கலங்கித் தெரிந்ததால் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. மனைவி தலைக்கு மேல் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அளந்து முடித்துக் கருவியைப் பையில் வைத்தாள்.

"அடுத்த ஜோடி கொண்டுவரும்போது," என்றார் மனைவி, "நீங்க சொன்னாலும் சரி, உங்க முதலாளி சொன்னாலும் சரி, இவர் கால்ல ஏத்தறதுக்கு முன்னால நான் கையை விட்டுப் பாப்பேன்."

"பாருங்கம்மா," என்றாள் அவள். "வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. எந்த இடத்துல எவ்வளவு பள்ளம் இருக்கணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

மனைவி உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து, அவள் முன்னால் தரையில் வைத்தார்.